‘ரஷ்’ பார்த்துட்டு வர்றவங்களை விரட்டாதீங்க

நேத்து ஃபார்முலா ஒன் ரசிகர் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. 1976-இல் ஜேம்ஸ் ஹன்ட்டும் நிக்கி லாடாவும் ஃபார்முலா ஒன் கார் ரேஸ் பட்டத்துக்கு மோதின கதையைச் சொல்ற ‘ரஷ்’ படம் பார்த்தேன், இனி ஃபார்முலா ஒன் பார்க்கலாம்னு இருக்கேன், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு ஒரு பொண்ணு கேட்டாங்க. “சினிமா பார்த்து ரேஸ் கத்துக்க வந்துட்டாங்க”ன்னு ஒருத்தர் பதில் போட, கீழே வரிசையா சிரிப்பு எமோஜி. ரொம்பப் பெருமை.

அதே மேதாவி அடுத்து எழுதினதுதான் உச்சம். 1.8 சென்டிமீட்டர் அகலம் கூடினதுக்காக ஜெயிச்ச காரைத் தகுதிநீக்கம் பண்ணிட்டாங்கன்னு படத்தில் வர்றது மசாலாவாம். ஐயா, அது 1976 மே மாதம் ஸ்பெயினில் நிஜமாவே நடந்தது. ஹன்ட்டின் மெக்லாரன் எம்23 காரில் பின் டயர் பக்கவாட்டில் புடைச்சதில் அகலம் கூடிப்போச்சு. அதைக் குறைக்கும்போது எண்ணெயைக் குளிர்விக்கிற ஆயில் கூலரையும் இடம் மாத்தினாங்க. காரைத் தரையோட அழுத்திப் பிடிக்கிற பின் இறக்கைக்குப் போற காற்று கெட்டு, காரோட வேகமே செத்துப்போச்சு. கூலர் பழைய இடத்துக்கு வந்த பிறகு பிரான்சில் ஜெயிச்சார். பறிபோன ஸ்பெயின் வெற்றியும் ஜூலையில் மேல்முறையீட்டில் திரும்பி வந்தது.

இந்தக் கூலர் கதை தெரிஞ்சாத்தான் படம் புரியுமா? புரியாதுன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம். ரெண்டு பேர், ஒரு பட்டம். புதுசா வர்றவங்களுக்கு அது போதும். அதனாலதான் அந்தப் படம் நல்ல வாசல்.

“டெக்னிக்கலா ஒண்ணுமே இல்லையே”ம்பாங்க. ஜப்பானின் ஃபூஜியில் மழையில் நடந்த கடைசி ரேஸைப் பார்த்தீங்களா இல்லையா? அதுக்கு முன்னாடி லாடா 68 புள்ளி, ஹன்ட் 65. அப்போ முதல் ஆறு பேருக்குப் புள்ளி 9, 6, 4, 3, 2, 1. லாடா புள்ளி எடுக்கலைன்னா, மூணாவதா வந்து நாலு புள்ளி எடுத்தாலே ஹன்ட் சாம்பியன். ரெண்டு சுற்றிலேயே லாடா காரை ஓரங்கட்டிட்டார். தளம் காயக் காய, மழை டயரின் மெத்தென்ற ரப்பர் சூடேறித் தேயும். இன்னொரு ஓட்டுநர் ஆண்ட்ரெட்டி ஈரமான பக்கமா ஓட்டி டயரைக் காப்பாத்தி ஜெயிச்சார். ஹன்ட் கடைசி நேரத்தில் டயர் மாத்தப் போய் அஞ்சாவதா வெளியே வந்து, ரெண்டு பேரைத் தாண்டி மூணாவது. 69-68. மூணாவதா வந்ததே தெரியாம இறங்கி டீம்காரங்க மேல கத்தினார். இதுக்கு மேல என்ன டெக்னிக்கல் வேணும்? கியர் பாக்ஸைக் கழட்டிக் காட்டணுமா?

“நிஜத்தில் ரெண்டு பேரும் நண்பர்கள், படம் எதிரியாக்கிடுச்சு”ன்னு யாராவது சொன்னா, சரிதான். ஆரம்ப காலத்தில் லண்டனில் ஒரே வீட்டில் தங்கினவங்க. ஹன்ட் ஒரு நிருபரை அடிக்கிற காட்சியும் கற்பனைதான். குறை சொல்லணும்னா இதைச் சொல்லுங்க, நானும் கூட நிக்கிறேன். ஆனா நேத்து இதை ஒருத்தரும் சொல்லலை. நிஜமா நடந்ததைத்தான் பொய்னு சொன்னாங்க.

அதே வருஷம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஆகஸ்ட் 1 அன்னிக்கு என்ன நடந்ததுன்னு அந்தச் சிரிப்பு எமோஜிக்காரங்களுக்குத் தெரியுமா? சுற்று ஒண்ணுக்கு 22.8 கிலோமீட்டர் நீளமான தளம். முதல் சுற்று முடிஞ்சதும் லாடா காய்ந்த தள டயருக்கு மாறினார், அடுத்த சுற்றிலேயே பெர்க்வெர்க் வளைவுப் பக்கம் கார் தீப்பிடிச்சது. எரியற காரிலிருந்து அவரை இழுத்துப் போட்டது சக ஓட்டுநர்கள்: மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல். நச்சுப்புகை நுரையீரலைப் பொசுக்கிடுச்சு, பாதிரியார் வந்து கடைசிச் சடங்கே செஞ்சுட்டார். அந்த மனுஷன் ரெண்டே ரேஸை விட்டுட்டு, காயம் ஆறாத தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு செப்டம்பர் 12 அன்னிக்கு இத்தாலியின் மோன்சாவில் நாலாவதா வந்தார். இதைப் பார்த்து ஒருத்தருக்கு ரேஸ் மேல ஆசை வந்தா அதுல என்ன கேவலம்? டயர் பேரை மனப்பாடம் பண்ணிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவீங்களா?

கேள்வி கேட்ட தோழிக்கு: இந்த வாரம் சனிக்கிழமை, ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்பணும்னு முடிவு பண்ற தகுதிச்சுற்றிலிருந்து பாருங்க. டயர் எப்போ மாத்துறாங்கன்னு மட்டும் கவனிங்க, மீதி தானா புரியும். அப்போ ஆறு பேருக்கு இருந்த புள்ளி இப்போ பத்து பேருக்கு, முதலிடத்துக்கு 25. புரியாததை இங்கேயே கமெண்டில் கேளுங்க. அந்தக் குழுப் பக்கம் போகாதீங்க.