கதவைக் கழட்டி வீட்ல வெச்சிரணுமாம்!

"படகுதானே ஏத்தப்போறீங்க தம்பி, பின்கதவு எதுக்கு? கழட்டி வீட்ல வெச்சிருங்க."

காலைல இருந்து பொழுதுசாயற வரைக்கும் வெல்டிங் அடிச்சுட்டு ஒரு பட்டறைக்காரர் சொல்ற வார்த்தையா இது? வண்டி குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் மினி லாரி. படகு 12 அடி ஃபைபர், எண்பது கிலோ வரும். மேலே ஒரு கேரியர் வேணும். நாலு கால், மூணு குறுக்குப் பைப்பு, பக்கத்துக்கு ஒரு சாய்வுத் தாங்கல். நான் என்ன சந்திரயானா கேட்டேன்?

நடந்ததைச் சொல்றேன், பொறுமையா கேளுங்க. பின்னாடி ரெண்டு காலையும் தொட்டியோட (சரக்கு ஏத்துற பகுதி) கடைசி மூலைல, கதவை ஒட்டி நிறுத்தியாச்சு. சரி. காலுக்கு பலம் வேணும்னு மூலைக்கு ஒரு முக்கோணத் தகடு. அதுவும் சரி. அந்தத் தகடு உக்கார்ந்த இடம் எது தெரியுமா? கதவுத் தாழ்ப்பாள் சுத்துற இடம். கதவு மூடியிருக்கும்போதே அளவெடுத்து, மூடியிருக்கும்போதே ஸ்பாட் (தற்காலிகப் பொட்டு வெல்டு) வெச்சு, மூடியிருக்கும்போதே முழு வெல்டும் அடிச்சு முடிச்சாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கதவைத் திறந்து பார்க்கலை. தாழ்ப்பாளைத் தூக்கினா 'டங்'னு தகட்டுல இடிச்சு நிக்குது.

முதல் வைத்தியம்: "தகட்டு மூக்கை லேசா கிரைண்டர்ல எடுத்துரலாம்." எடுத்தாச்சு. தாழ்ப்பாள் பாதி வரைக்கும் வருது. ரெண்டாவது வைத்தியம்: "தாழ்ப்பாளையே கொஞ்சம் வளைச்சுக்கலாம்." சுத்தியல் போட்டு வளைச்சாச்சு. இப்போ திறக்குது, ஆனா மூடினா நிக்க மாட்டேங்குது. மூணாவது: "கயிறு போட்டு இழுத்துக் கட்டிருங்க." நாலாவதுதான் மேலே சொன்ன ஞான வாக்கு. அஞ்சாவது இருந்திருந்தா வண்டியை வித்துருங்கன்னு சொல்லியிருப்பார்.

இதுக்குத் தீர்வு ரெண்டு நிமிஷ வேலைங்க. கதவைத் திறந்து, மூடி, தாழ்ப்பாள் போற வட்டத்தைச் சாக்பீஸால கோடு போட்டுட்டு, காலை அதுல இருந்து மூணு அங்குலம் உள்ளே தள்ளி நிறுத்தணும். அவ்வளவே.

ஆனா கதவோட நின்னா பரவால்லையே. முன்னாடிக் காலை கேபின் கூரைல வெல்டு வைக்கிறேன்னு இன்னொரு யோசனை. ஐயா, கேபின் வேற, தொட்டி வேற. குழில இறங்கும்போது ரெண்டும் தனித்தனியா ஆடும். ரெண்டையும் சேர்த்து ஒரே பைப்புல கட்டினா ரெண்டு மாசத்துல கூரைத் தகடு கிழியும், இல்ல வெல்டு விட்டுக்கும். நாலு காலும் தொட்டிக்குள்ளதான் நிக்கணும். மூணாவது குறுக்குப் பைப்பை முன்னாடி ரெண்டரை அடி நீட்டி, கேபின் கூரையைத் தொடாம நாலு அங்குல இடைவெளி விட்டு வெளில தொங்கவிடணும். நீட்டினதுக்குக் கீழே சாய்வுத் தாங்கல் கட்டாயம்.

படகு வண்டியைத் தாண்டிப் பின்னால நீட்டக் கூடாது. குட்டி யானையோட மொத்த நீளமே 3.8 மீட்டர், அதாவது பன்னண்டரை அடிக்குக் கொஞ்சம் கம்மி. 12 அடிப் படகு அதுக்குள்ளயே அடங்கும். அடங்கலைன்னா 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ)ல 20,000 ரூபாய் அபராதம். "சிவப்புத் துணி கட்டிக்கலாம்"னு பட்டறைல சொல்வாங்க. துணி காசு கட்டாது.

சதுரப் பைப்பு 40க்கு 40 எம்எம், ரெண்டு எம்எம் கனம். மீட்டருக்கு சுமார் 2.3 கிலோ, படகுக்குத் தாராளம். இதுக்கு 12 நம்பர் வெல்டிங் ராடு (மெலிசு), 70, 80 ஆம்ப் கரண்ட் போதும். தடியான 8 நம்பர் ராடை மாட்டி 140ல அடிச்சா பைப்பு ஓட்டையாகும். அந்த ஓட்டையை மூட இன்னும் நாலு ராடு, பில்லுல அதுவும் ஏறும். ஜிஐ பைப்புன்னா (துத்தநாகம் பூசின இரும்பு) வெல்டு பண்ற இடத்துல துத்தநாகப் பூச்சைத் தேய்ச்சு எடுக்கணும், இல்லைன்னா அந்தப் புகை ராத்திரி குளிர் காய்ச்சல்ல படுக்க வெச்சிரும். முதல்ல பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டுங்க, வண்டிலயே வெல்டு அடிச்சா எலக்ட்ரானிக்ஸ் போயிரும். இதைச் சொன்னா பட்டறைல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதுக்குத் தனி எரிச்சல்.

கால்களைத் தொட்டித் தரைல வெறுமனே வெல்டு வைக்காதீங்க. தகடு மெலிசு. அடில ஆறு எம்எம் தகடு கொடுத்து, குறுக்குச் சட்டம் போற இடமா பார்த்து எம்12 போல்ட் (12 எம்எம்), ஆட்டத்துல கழலாத நைலாக் நட் போட்டு முடுக்குங்க. பைப்பு வாயெல்லாம் மூடி, ஒவ்வொண்ணுக்கும் அடிப்பக்கம் சின்னத் துளை விடுங்க. கடக்கரைல உப்புத் தண்ணி பைப்புக்குள்ள உக்கார்ந்தா உள்ளிருந்தே அரிச்சுரும்.

படகைக் கவிழ்த்துதான் வைக்கணும். நிமிர்த்தி வெச்சா மழைத் தண்ணி தேங்கும், லிட்டருக்கு ஒரு கிலோ, படகை விட பாரமாயிரும். பைப்பு மேல பழைய லாரி டியூப் துண்டு சுத்துங்க. கட்டுக்கம்பியால கட்டாதீங்க, ஃபைபரைக் கீறும். நைலான் கயிறு நனைஞ்சா நீளும். திருச்செந்தூர் போறதுக்குள்ள படகு ஆட ஆரம்பிக்கும். ராட்சட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்குற பட்டை) ரெண்டு குறுக்கே, மூக்குல ஒரு கயிறு, பின்னால ஒரு கயிறு. சடன் பிரேக் போட்டா படகைப் பிடிச்சு நிறுத்துறது அந்த முன்பின் கயிறுதான். ராட்சட்டை மாட்டு வண்டி கட்டுற மாதிரி முறுக்கினா விளிம்பு வெடிக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சும் கடைசில கதவு திறக்கலை. அறுத்து எடுத்து மறுபடி போடணும். "நாளைக்கு வாங்க தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." எந்த நாளைக்கு, எந்த அட்ஜஸ்ட்டு?

சரி, டீ சாப்பிட்டு யோசிப்போம்னு எதிர்க் கடைக்குப் போனா, கட்டைவிரல் மாதிரி பேப்பர் கப்பு. பதினஞ்சு ரூபாய். அதுலயும் பாதி நுரை.