நீளம் வேறு, தொய்வு வேறு
'மெய்யழகன்' படத்தின் இரண்டாம் பாதியில் இரவு முழுக்க நீளும் உரையாடலைப் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்று அந்தப் படம் பற்றிய கட்டுரையை எழுதியவர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 செப்டம்பரில் வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை நீக்கினார்கள். முதல் நாள் முழு வடிவத்தையும், பிறகு என் தாயாருடன் குறைக்கப்பட்ட வடிவத்தையும் பார்த்தவன் நான். ஒரு கல்யாணத்துக்காகப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த ஊருக்கு வரும் அருள்மொழிக்கு, தன்னை 'அத்தான்' என்று உருகி அழைக்கும் உறவுக்காரனின் பெயரே நினைவில்லை. அந்தக் கூச்சம், அவன் வீட்டில் உண்டு, தான் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்தை எப்படித் தூக்கிவிட்டது என்று கேட்டு, மெல்ல மெல்லக் குற்றவுணர்வாக முற்றுவதற்கு அந்த இரவு அத்தனை நீளமாக இருந்தே ஆக வேண்டும். குறைத்த வடிவத்தில் அருள்மொழி சொல்லாமல் கிளம்பிப் போவது எனக்குச் சற்று அவசரமாகவே பட்டது. அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் எந்தப் படமும் தொய்யாது என்கிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'கொட்டுக்காளி' அதைவிடக் குறைந்த நேரமே ஓடியது, பின்னணி இசையும் இல்லை; அதையும் மெதுவான படம் என்றுதான் பலர் குறைப்பட்டார்கள். 'மெய்யழக'னில் கல்யாண மண்டபக் காட்சிகள் ஓரிரண்டைச் சுருக்கியிருக்கலாம் என்றால் ஒப்புக்கொள்வேன், அந்த இரவை அல்ல.