இதுவும் ஒரு தொழில்தான்

கடந்த வாரப் பாராட்டு விழாவின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் பேசியவரின் பெயரை எழுதப் போவதில்லை. பெண்கள் வரலாற்று ஆவணங்களைத் திரட்டுவது ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய அழகான சேவை என்றும், நல்ல ஸ்கேனர் ஒன்று இருந்தால் மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்றும் அவர் சொன்னார், அரங்கம் கைதட்டியது. பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் என்னை அதிகம் புண்படுத்தியது. பெண்கள் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் நான் செய்வது வேலை. படித்து, பழகி, பொறுப்பேற்றுச் செய்யும் வேலை.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வக்கீல் குடும்பம், தாத்தாவின் கடிதங்களை ஆண்டுவாரியாகக் கட்டி எங்களிடம் ஒப்படைத்தது. பெண் பிள்ளைகள் எல்லோரையும் அந்தக் காலத்திலேயே படிக்கவைத்தவர் என்று பேரன் பெருமையோடு சொன்னார். பாட்டி எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "வெறும் வீட்டுக் கணக்குதான், பழைய பேப்பர்காரனுக்கு எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த நோட்டுகளில் குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது; ஓரங்கள் தொட்டால் அப்பளம்போல் நொறுங்கின. பால் கணக்குக்கும் விறகுக் கணக்குக்கும் நடுவே, ரூபாய், அணா, பை என்று பிரித்து, ஜூன் மாதந்தோறும் ஒரு வரி இருந்தது: "வளையல் அடகு, பெரியவள் பள்ளிச் சம்பளம்." அடுத்த ஜூனில் சின்னவள். தாத்தாவின் கடிதங்களில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த நோட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எந்த ஸ்கேனருக்குத் தெரியும்?

எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்ட காலத்தில் இது பழைய புலம்பல் என்று சிலர் எழுதுவார்கள். படம் பிடிப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. படத்தில் இருப்பவர் "வக்கீலின் மனைவி" என்று பட்டியலில் ஏறுவதா, தன் பெயரில் ஏறுவதா என்பதை ஒருவர் உட்கார்ந்து விசாரித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வாய்மொழி வரலாற்றுப் பதிவில் ஒரு பெண் தன் திருமணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசிவிட்டு, இதை என் மகன் இருக்கும்வரை வெளியிடாதே என்று கையைப் பிடித்துக்கொள்ளும்போது, ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதுவது, யாருக்கு எப்போது திறந்துகாட்டுவது என்பதற்கும் மனிதர்தான் பொறுப்பு.

பெண்களுக்கென்று தனியாக எதற்கு, பொதுக் காப்பகம் போதாதா என்ற கேள்வியும் வரும். அரசுக் காப்பகங்களில் இருப்பவை பெரும்பாலும் அரசு நடத்திய காரியங்களின் பதிவுகள்: வருவாய், காவல், நீதிமன்றம். அவற்றில் பெண் மனுதாரராகவோ விதவையாகவோ வந்து போகிறாள். அவள் கைப்பட எழுதியது அங்கே வந்து சேர்வது அபூர்வம். இது உலகம் முழுவதும் உணரப்பட்ட குறை. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் ரோசா மானுஸ் உள்ளிட்ட மூன்று பெண்கள் பெண்கள் இயக்கத்துக்கென ஒரு காப்பகம் தொடங்கினார்கள். 1940-இல் நாஜிகள் அதை மூடி, இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். யூதரான ரோசா மானுஸும் அவர்கள் பிடியிலேயே உயிரிழந்தார். 1992-இல் அந்தத் தாள்களின் ஒரு பகுதி மாஸ்கோவில் இருப்பது தெரியவந்து, 2003-இல்தான் ஊர் திரும்பியது. பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தால் நாஜிகள் அவற்றைத் தூக்கிப் போயிருக்க மாட்டார்கள்.

நம்மவர்களிடம் வருகிறேன். அம்பையை எழுத்தாளராக எல்லோருக்கும் தெரியும். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதுச் செய்தியைப் பகிராதவர்கள் குறைவு. அம்பை என்ற புனைபெயரில் எழுதும் அதே சி.எஸ். லக்ஷ்மி 1988-இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் மும்பையில் ஸ்பாரோ காப்பகத்தைத் தொடங்கி, பெண்களின் குரல்களையும் புகைப்படங்களையும் சுவரொட்டிகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருவதை எத்தனை பேர் அவருடைய வாழ்க்கைப் பணியாகப் பேசுகிறோம்? கதை எழுதினால் சாதனை, காப்பகம் நடத்தினால் சேவையா?

பணத்துக்காகப் பேசுகிறாள் என்பவர்களுக்கு: ஆமாம், பணத்துக்காகவும்தான் பேசுகிறேன். கட்டடத்துக்கு நன்கொடை கிடைக்கிறது, திறப்பு விழாவுக்குக் கிடைக்கிறது, பழைய தாள் கெடாமல் காக்கும் அமிலமில்லாத உறை வாங்கக்கூடச் சில நேரம் கிடைக்கிறது. அந்த உறைக்குள் எதை வைப்பது என்று தெரிந்தவருக்குச் சம்பளம் என்றால் மட்டும் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். நான் இன்றுவரை திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறேன். ஒரு திட்டம் முடியும்போது பாதியில் நிற்கும் பட்டியலை அடுத்து யார் தொடர்வார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், கிரந்தம் கலந்த பழைய கையெழுத்தையும், அரைக்கால், மாகாணி என்று எழுதப்பட்ட பின்னக் கணக்கையும் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை, வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். வீட்டு வாடகையும் தம்பியின் படிப்பும் அவள் தலையில் இருந்தன. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.