யோக்கியதைக்கு எத்தனை மரம்?

(அவிநாசிப் பக்கம் ஓர் ஊர். பேக்கரி பெஞ்சு. மாமனார் கையில் டீ, மடியில் நோட்டு. பக்கத்தில் மருமகன், பள்ளிக்கூட வாத்தியார். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர். மாமனாரைத் தயார் செய்வது இதுவே முதல் தடவை.)

மாமா: மாப்பிள்ளை, அக்டோபர் 2 கிராம சபையில் நம்ம குளத்தைப் பற்றி ஒரு பிடி பிடிக்கப் போகிறேன். கேளுங்க. "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, கிளார்க் அவர்களே, மைக்செட்டுக்காரர் அவர்களே..."

மாப்பிள்ளை: குளம் எப்பங்க மாமா வரும்?

மாமா: மூன்றாவது பக்கத்தில்.

மாப்பிள்ளை: அதற்குள் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குற்றமில்லாமல் கொஞ்சமாகப் பேசத் தெரியாதவர்தான் நிறையப் பேச ஆசைப்படுவார் என்று 649-வது குறளில் வள்ளுவரே சொல்லியிருக்கிறாருங்க.

மாமா: 1330 எழுதியவர் அதைச் சொல்லலாமா?

மாப்பிள்ளை: சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரைப் பிடிக்கிறீங்க. சபையில் இது எடுபடாது.

மாமா: சரி, இது எடுபடும். "இந்தத் தலைவர் வந்தார், குளம் காய்ந்தது."

மாப்பிள்ளை: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைங்க அது. அவர் தலைவரான வருஷம்தான் நான் உங்க மகளைக் கட்டினேன்.

மாமா: (யோசித்து) அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாப்பிள்ளை: மாமா!

மாமா: எதிர்த்துப் பேசினால், "குளம் வேண்டுமா, ஊர் அழிய வேண்டுமா, ரெண்டில் ஒன்று சொல்லுங்க" என்பேன்.

மாப்பிள்ளை: "ரெண்டும் வேண்டாம், பஸ் ஸ்டாப் வேண்டும்" என்று ஒருத்தர் எழுந்தால் முடிந்தது. இங்கே பாருங்க, 2300 வருஷத்துக்கு முன்னாலேயே கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் மூன்று விஷயம் சொன்னார். பேசுகிறவர் யோக்கியதை, கேட்கிறவர் மனசு, சொல்கிற காரணம்.

மாமா: மனசுக்கு நான் அழுதுவிடுகிறேன்.

மாப்பிள்ளை: எதுக்குங்க அழணும்? பக்கத்து ஊர்க் கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொன்னால் போதும். நம்ம ஊருக்கு வயிறு எரியும்.

மாமா: எனக்கே எரிகிறது.

மாப்பிள்ளை: அப்புறம் காரணம். நம்ம தர்க்கக்காரர்கள் அழகாகச் சொல்வார்கள். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை வருகிறது, அடுப்படியைப் போல. சொல்ல வந்தது பக்கம், அதற்குக் காரணம் ஏது, அடுப்படி எடுத்துக்காட்டு. இனி நம்ம குளத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியபோது 1045 குளம் குட்டைகளுக்குத்தான் பவானித் தண்ணீர். நம்முடையது அதில் இல்லை. மழைத்தண்ணீர்தான் வர வேண்டும். இப்போது நீங்க சொல்லுங்க.

மாமா: (எழுந்து நின்று) நம்ம குளத்துக்குத் தண்ணீர் வருவதில்லை. ஏனென்றால் வாய்க்கால் அடைபட்டிருக்கிறது. மேற்கே இருக்கிற ஊரில் வாய்க்காலைத் தூர்வாரினார்கள், ஒரே மழையில் குளம் நிரம்பியது!

மாப்பிள்ளை: பிரமாதம்ங்க! ஆனால் எதிராளி ஒன்று கேட்பார். அடைத்தது யார்?

(மாமா உட்கார்ந்து டீயை ஊதுகிறார்.)

மாப்பிள்ளை: டீ ஆறி ரொம்ப நேரமாச்சுங்க.

மாமா: அஞ்சே அஞ்சு தென்னை. வாய்க்கால் ஓரத்தில்.

மாப்பிள்ளை: நடுவிலேங்க.

மாமா: மாசாமாசம் உங்க வீட்டுக்கு மூட்டையில் தேங்காய் வருகிறதே, அது எந்த மரத்துக் காய் என்று நினைத்தீங்க?

(இப்போது மருமகன் டீயை ஊதுகிறார். அது காலி டம்ளர்.)

மாப்பிள்ளை: அதுதான்... எதிராளி சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்க. "என் மரமும் வாய்க்காலில் நிற்கிறது, முதலில் அதை வெட்டுகிறேன்" என்று. அப்புறம் அவர் கையில் பேச என்ன இருக்கும்? மூன்றில் யோக்கியதைக்குத்தான் கிட்டத்தட்ட பலம் அதிகம் என்று அரிஸ்டாட்டிலே சொல்கிறார்.

மாமா: அஞ்சுமா?

மாப்பிள்ளை: அஞ்சும்.

மாமா: ரெண்டைச் சொன்னால் எவ்வளவு நம்புவார்கள்?

மாப்பிள்ளை: யோக்கியதையில் பேரம் பேச முடியாதுங்க.

மாமா: காய்ப்பு நின்ற மரம் ஒன்று இருக்கிறது. அதை வெட்டப் போகிறேன் என்று சொல்லும்போதே அழுதுவிடுகிறேன். யோக்கியதையும் ஆச்சு, மனசும் ஆச்சு. மிச்ச நாலு மரம் ஏன் நிற்க வேண்டும் என்கிற காரணத்தை மட்டும் நீங்க எழுதிக் கொடுங்க. தேங்காய் உங்களுக்கும்தானே வருகிறது?