சீருடையை என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு

சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தம்பி அழைத்தார். ராணுவ முறையில் அமைந்த கிறிஸ்தவச் சபையான இரட்சணிய சேனையில் ஆறு ஆண்டுகள் ஆபீசராக, அதாவது முழுநேரப் போதகராக, ஊழியம் செய்தவர். சென்ற மாதம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, ஊழியர் குடியிருப்பைக் காலி செய்து, மனைவி குழந்தையோடு வாடகை வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார். வேலை விஷயமாகப் பேசத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணா, பெட்டியில் மூன்று ஜோடி சீருடை இருக்கிறது. அதை என்ன செய்வது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியோடு நானும் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன். 14 ஆண்டுகள் ஆபீசராக இருந்தேன். எங்கள் மகனுக்கு ஒரே மருத்துவரிடம் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை தேவைப்பட்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் வாழ்க்கையில் அது நடக்காது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். யார்மேலும் எனக்குக் குறை இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

சீருடையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

என் கடைசிச் சட்டை இன்னும் பீரோவில் தொங்குகிறது. கழுத்துப்பட்டையின் இரு பக்கமும் எஸ் எழுத்துச் சின்னம் குத்தியிருந்த இடத்தில், ஊசி நுழைந்த துளைகளைச் சுற்றி மெல்லிய துருக்கறை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு எஸ்களுக்கு, இரட்சிக்கப்பட்டோம், சேவை செய்வதற்காக என்று பொருள். பேச எழுந்திருக்கும்போதெல்லாம் வலது கை தானாகக் கழுத்துப்பட்டைக்குப் போய் அந்தச் சின்னம் நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். இன்று அலுவலகக் கூட்டத்தில் சாதாரணச் சட்டையில் எழுந்தாலும் கை அங்கேதான் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று விரல் உணரும் அந்த ஒரு நொடியை, ஊழியத்தை விட்ட எவரிடம் சொன்னாலும் புரிந்துகொள்வார்.

"வெறும் துணிதானே" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அது வெறும் துணி அல்ல. மற்றச் சபைகளில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் இருக்கின்றன. சேனை 1883-இலிருந்து அந்தச் சடங்குகளை நடத்துவதில்லை. உள்ளே நடந்த மாற்றத்துக்கு வெளியே காட்ட எங்களிடம் தண்ணீரும் இல்லை, அப்பமும் இல்லை. கொடி இருக்கிறது, முழங்காலிட்டு ஜெபிக்கும் பலகையான கிருபாசனம் இருக்கிறது, உடம்பில் இந்தச் சீருடை இருக்கிறது. கொடியின் கீழ் நின்று, சேனையின் அங்கத்தினராகச் சேரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அன்று இதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவனிடம், வேலையை விட்டவன் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதைப் போல இதைக் கொடுத்துவிடு என்றால் எப்படி முடியும்?

இதன் தொடக்கத்தையும் மறக்கக் கூடாது. 1878-இல், கிறிஸ்தவ மிஷன் என்றிருந்த இயக்கம் இரட்சணிய சேனை என்று பெயர் மாறிய சமயத்தில், தான் போருக்கு வந்தவன் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி ஓர் உடை வேண்டும் என்று கேட்டவர் எலைஜா காட்மன். சிறுவயதில் புகைக்கூண்டு சுத்தம் செய்தவர். அந்த உடையோடு வீதிக்கு வந்தவர்கள்மேல் இங்கிலாந்தில் கல்லும் சேறும் பறந்தன. 1882 ஒரே ஆண்டில் 600-க்கும் மேற்பட்டவர்கள் தாக்கப்பட்டார்கள், அவர்களில் பெண்களும் ஏராளம். அதே 1882-இல், இந்தியாவில் சேனையின் ஊழியத்தைத் தொடங்கிய ஃபிரெடரிக் டக்கர் பம்பாயில் வந்திறங்கினார். அவரும் கூட வந்தவர்களும் இந்த நாட்டு உடைக்கு மாறி, காவி உடுத்தி, பின்னர் வெறுங்காலோடும் நடந்தார்கள். துணியும் நிறமும் மாறலாம். நான் யாருடையவன் என்று தெருவில் நின்று சொல்வதுதான் மாறாதது. அதைச் சொல்லச் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ஊழியத்தை விட்ட ஆண்டில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் தீமோத்தேயு நான்காம் அதிகாரம் பத்தாம் வசனத்தை வாசித்தார். உடன் ஊழியனாக இருந்த தேமா, இந்தப் பிரபஞ்சத்தின்மேல், அதாவது இவ்வுலகத்தின்மேல், ஆசை வைத்து அப்போஸ்தலன் பவுலை விட்டுப் பிரிந்துபோனதைச் சொல்லும் வசனம். வாசித்து முடித்து வேதாகமத்தை மூடிவிட்டார். பக்கத்தில் இருந்த என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். விசுவாசத்தை விட்டு விலகியவன் என்று பொருள்படும் பின்மாற்றக்காரன் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த வசனத்தை அவர் ஏன் வாசிக்கவில்லை? பதினோராம் வசனத்தில் பவுல் மாற்குவை அழைத்துவரச் சொல்கிறார், ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். யார் அந்த மாற்கு? பம்பிலியாவில் பாதி வழியில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப்போனவன். அவனை மறுபடியும் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்றுதான் பவுலும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள். விட்டுப்போன ஒருவனைப் பற்றிய வருத்தமும், விட்டுப்போன இன்னொருவனைப் பற்றிய ஏக்கமும் அந்தக் கடிதத்தில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. நம் சபைகள் பத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனை குடும்பங்கள் இதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

சேனையை நிறுவிய வில்லியம் பூத்தே 1861-இல் தன் மெதடிஸ்ட் சபையின் ஊழியப் பொறுப்பைத் துறந்தவர்தான். அவருடைய பிள்ளைகளில் பாலிங்டன் 1896-இல் சேனையை விட்டார். 1902-இல் ஹெர்பர்ட்டும், மூத்த மகள் கேத்தரினும் விட்டார்கள். தகப்பனுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று ஒரு தகப்பனாக எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் கேத்தரின் பிரசங்கத்தை விடவில்லை. சேனையை விட்ட பின்னும் பல்லாண்டுகள் சுவிசேஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத் தேமா என்று யார் சொல்வார்?

இவ்வளவையும் அந்தத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. இரவு நேரம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நான் ஒன்றை மட்டும் கேட்டேன். "தம்பி, நீங்கள் ஆபீசர் ஆவதற்கு முன்னால் யார்?"

"போர்ச்சேவகன், அண்ணா. பதினைந்து வயதில் கையெழுத்துப் போட்டேன்." சேனையின் சாதாரண அங்கத்தினரை அப்படித்தான் அழைப்போம்.

"அந்த உடன்படிக்கையை ராஜினாமா செய்தீர்களா?"

வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "இல்லை" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அப்படியானால் தோளில் இருக்கும் சிவப்புப் பட்டையை மட்டும் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது பொறுப்பின் அடையாளம், பொறுப்பை ஒப்படைத்துவிட்டீர்கள். போர்ச்சேவகரின் நீலப் பட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போங்கள். முன்வரிசை வேண்டாம் என்றால் பின்வரிசையில் உட்காருங்கள். உங்கள் மனைவியும் சீருடையோடு வரட்டும்."

நான் அப்படிப் போக எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. முதல் நாள் கண்ணாடி முன் நின்றபோது நீலத்தை மாட்ட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மனைவிதான் மாட்டிவிட்டாள், கழுத்துப்பட்டையை நேராக்கினாள், ஒன்றும் பேசவில்லை.

தம்பி கடைசியாக ஒன்று கேட்டார். "நீலப் பட்டை என்னிடம் இல்லையே, அண்ணா. முன்பு வைத்திருந்தது எங்கே போனதென்று தெரியவில்லை."

என்னிடம் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது. நாளைக் காலை தபாலில் அனுப்புகிறேன்.