பொறுமை என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு கண்காட்சியில் நான் செய்த குவில்ட் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அம்மாவின் முகம். முழுக்க முழுக்கத் துணி, பெயின்ட் ஒரு சொட்டு கிடையாது. பிளவுஸ் பிட், லைனிங் துண்டு, கிழிந்த சுங்குடிச் சேலை, இரண்டு இடத்தில் பழைய குடைத்துணி. ஓவியப் பிரிவில் இடமில்லை என்று கைவேலைப் பிரிவில், ஒயர் கூடைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒரே வாக்கியம்: "எவ்வளவு பொறுமைங்க உங்களுக்கு!"

அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு வலிக்கிறது. தூரிகை பிடித்தவரிடம் "இது எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்கிறோம். ஊசி பிடித்தவளிடம் "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்கிறோம். அந்த வேலைக்குப் பின்னால் ஒரு மூளையும் ஒரு ஜோடி கண்ணும் இருந்திருக்கும் என்ற நினைப்பே வருவதில்லை.

தெரியாதவர்களுக்காக: குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளால் ஆன துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுகிற தையல்தான் குவில்டிங். போர்த்திக்கொள்ளப் பிறந்த பொருள்தான். ஆனால் இன்று பல கலைஞர்கள் சுவருக்கென்றே செய்கிறார்கள்.

அவர்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிசா பட்லரை. 1973-ல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண், நியூ ஜெர்சிக்காரர். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர். கர்ப்பமாக இருந்தபோது பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளாமல் துணிப் பக்கம் வந்தார். வீட்டில் அம்மாவும் பாட்டியும் தைப்பவர்கள், அதனால் துணி அவருக்குப் புதிதில்லை.

அவர் தொடங்குவது பெரும்பாலும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில். பல படங்களில் இருப்பவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, வெளிச்சம் விழுகிற இடத்தையும் இருட்டு தங்குகிற இடத்தையும் கோடு போட்டுப் பிரிக்கிறார். நெற்றி ஒரு தீவு, கன்னம் ஒரு தீவு, மூக்கின் ஓரம் ஒரு வாய்க்கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி வேண்டும். படத்தில் நிறமே இல்லை, ஆக எந்த நிறம் என்பது முழுக்க அவர் முடிவு. தோலுக்குப் பழுப்பைத் தேடிப் போவதில்லை. ஊதா, நீலம், பச்சை, சிவப்பு என்று அந்த மனிதரின் குணம் என்று தனக்குப் படுகிற நிறத்தைக் கொடுக்கிறார்.

துணியிலும் ஒரு கதை இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் உடுத்துகிற மெழுகு அச்சுப் பருத்தியை நிறையப் பயன்படுத்துகிறார். ஜாவாவில் மெழுகு வைத்துச் சாயமேற்றுகிற 'பாட்டிக்' துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் மெஷினில் அச்சிட்ட சரக்கு அது. ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போய் அங்கேயே வேர் பிடித்துவிட்டது. பல அச்சுகளுக்கு அங்கே ஒரு பெயரும் பொருளும் உண்டு. பறக்கும் தகைவிலான் குருவி போட்ட துணிக்கு கானாவில் 'பணம் பறந்துபோகும்' என்று பொருள் சொல்வார்கள். பட்லரின் அப்பா கானாக்காரர். பெயர் தொலைந்த ஒரு மனிதருக்கு பட்லர் சட்டை தைக்கும்போது அந்தப் பொருளையும் சேர்த்தே தைக்கிறார்.

'தி சேஃப்டி பேட்ரோல்' (பிள்ளைகள் பத்திரமாகச் சாலை கடக்கப் பார்த்துக்கொள்ளும் மாணவர் காவல்) என்று 2018-ல் செய்த குவில்ட் ஒன்று சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. டீனி ஹாரிஸ் என்ற புகைப்படக்காரர் 1947-ல் பிட்ஸ்பர்க்கில் எடுத்த படம்தான் மூலம். ஒரு சிறுவன் இரண்டு கையையும் விரித்துப் பின்னால் நிற்கும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துகிறான். அந்த விரித்த கைகளைப் பார்த்து "பொறுமை" என்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது என் கதை ஒன்று. அம்மாவின் கன்னத்துக்கு அரக்குச் சிவப்பு வைத்தேன். தாடைக்குக் கீழே நிழலுக்குப் பாட்டில் பச்சை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும் நிறங்கள், அதனால் நன்றாகப் பிரியும் என்று நம்பி மூன்று ராத்திரி உட்கார்ந்து தைத்தேன். மறுநாள் எட்ட நின்று பார்த்தால் தாடையே இல்லை, முகம் தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கிறது. போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: அரக்கும் பச்சையும் ஒரே சாம்பல். கண்ணுக்கு நிறம் வேறு, வெளுப்பு-கறுப்பு அளவு ஒன்று. மூன்று ராத்திரித் தையலையும் பிரித்தேன். கன்னத்துக்கு வெளுத்த ரோஜா நிறம் போட்டவுடன் தாடை எழுந்து வந்தது. பொறுமையாகத் தைத்ததுதான் அந்த மூன்று ராத்திரியும், அதில் முகம் வரவில்லை. பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில்தான் வந்தது.

பட்லருக்கு முன்னோடி ஒருவர் உண்டு, ஹாரியட் பவர்ஸ். 1837-ல் ஜார்ஜியா மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களில் துணி உருவங்களாக வெட்டித் தைத்த அவருடைய குவில்ட் 1886-ல் அதே மாகாணத்து ஏதென்ஸ் ஊர்ப் பருத்திச் சந்தையில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில வருஷம் கழித்துக் கையில் காசில்லாத நெருக்கடியில் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். குவில்ட் மடியில், சலவை செய்த மாவுச் சாக்குக்குள், அதற்கு மேல் இன்னொரு சாக்கு. கேட்டது 10 டாலர், கிடைத்தது 5. கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று விளக்கிச் சொன்னார், ஸ்மித் எழுதிவைத்தார். பிறகு தன் குவில்டைப் பார்ப்பதற்காக மட்டும் பலமுறை அந்த வீட்டுக்கு வந்துபோயிருக்கிறார்.

அவருடைய இரண்டாவது குவில்ட் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஒரு கட்டத்தில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டுகின்றன. 1833 நவம்பர் 13 அன்று நடந்த எரிகல் மழை அது. பவர்ஸ் பிறந்ததே அதற்கு நான்கு வருஷம் கழித்துத்தான். யாரோ சொல்லக் கேட்டதை மனசுக்குள் பார்த்து, கத்தரியால் வெட்டி, எந்த நட்சத்திரம் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்களை நவீன ஓவியம் போலச் சுவரில் மாட்டியது. பெரிய திருப்பம்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் செய்தவள் பெயர் இல்லை. அவள் கண் சுவருக்கு வந்தது, அவள் வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொறுமை வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய துண்டு இழுபடாமல் தைக்க அது வேண்டும்தான். சாதம் வடிக்கவும் அது வேண்டும். அடுத்த முறை துணியில் யாராவது ஒரு முகம் செய்து வைத்திருந்தால், இந்த இடத்தில் ஏன் இந்தத் துணி என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவள் ஒரு மணி நேரம் பேசுவாள்.

இப்போது அப்பாவின் முகத்தைத் தொடங்கியிருக்கிறேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு துண்டு மட்டும் அமையவே இல்லை. சாம்பல் கலந்த ஊதா வேண்டும், பருத்தியாக இருக்க வேண்டும், துவைத்துத் துவைத்து வெளுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. யாரிடமாவது பழைய சேலையோ லுங்கியோ அந்த நிறத்தில் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். உள்ளங்கை அகலம் போதும்.