டோரியடோர் அல்ல, டொரேரோ

ஸ்பெயின் காளைச்சண்டை பற்றிய உங்கள் கட்டுரையில் வீரர்கள் எல்லாரையும் 'டோரியடோர்' என்றே எழுதியிருக்கிறீர்கள். ஸ்பெயினில் டொரேரோ என்பதுதான் வழக்கம். 1875-ல் பாரிஸில் மேடையேறிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் 'கார்மென்' ஓபராவில் வரும் பாட்டுதான் டோரியடோரை உலகமெங்கும் பிரபலமாக்கியது.

அப்புறம், எல்லாரும் மட்டடோரும் இல்லை. குதிரை மேலிருந்து காளையின் பிடரித் தசையில் ஈட்டியால் குத்துபவர் பிக்கடோர். வண்ணக் காகிதம் சுற்றிய முள்குச்சிகளை ஜோடி ஜோடியாகச் செருகுபவர் பாண்டெரில்லேரோ. கடைசியில் சிவப்புத் துணியும் வாளுமாக எதிரே நிற்பவர்தான் மட்டடோர். கொல்பவர் என்றே அதற்கு அர்த்தம்.

அந்த வாள் இறங்கும் கட்டத்துக்குத்தான் 'உண்மையின் தருணம்' என்று பெயர். அந்தச் சொற்றொடர் ஆங்கிலத்தில் பரவியதில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1932-ல் எழுதிய காளைச்சண்டை நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று வியாபாரப் பேச்சிலும் விளையாட்டு வர்ணனையிலும் சர்வசாதாரணமாக அதைச் சொல்கிறார்கள். காளையின் உயிர் போகும் நேரம் அது என்பதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். கெரென்சியா என்ற சொல்லையும் விட்டுவிட்டீர்கள்: அடிபட்ட காளை பத்திரமான இடம் என்று நினைத்து, அரங்கில் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் மூலை. எனக்கு மனதைப் பிசையும் சொல் அதுதான்.